விலை வேறு, தானம் வேறு



வைசாகப் பௌர்ணமி விழாவுக்குரிய ஏற்பாடுகளைப் பேச எமது சங்கத்தார் கூடியிருந்தபோது இளைஞர் சிலர் ஒரு கருத்தை முன்வைத்தனர். ஆண்டுதோறும் பேச்சாளர்க்கும் விருந்தினர்க்கும் நாம் போர்த்தும் பொன்னாடை, கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்கும் மினுக்குத் துணியே. ஒரு முறை போர்த்தப்பட்டபின் அதனை உடுத்துவாரும் இல்லை, விரிப்பாரும் இல்லை. அதற்கு மாறாக நீலகிரித் தோடர் பெண்டிர் பூவேலை செய்த சால்வையையோ, வேறு பழங்குடி மக்கள் தம் கையால் செய்த பொருளையோ, செய்தவரிடமிருந்தே வாங்கி அளித்தால் என்ன என்று அவர்கள் வினவினர். கருத்து நல்லதே. ஆயினும் அதன்மேல் இரண்டு கேள்விகள் எழுந்தன. மூத்த உபாசகி ஒருவர், "அவ்விதம் வாங்குவது தானத்தில் சேருமா? அதனால் புண்ணியம் உண்டா?" என்று கேட்டார். தோல் பதனிடும் வேலையை விட்டு வெளிவந்த குடும்பத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், "குலத்தொழிலை உதறி வெளிவந்தவர் நாம். பிறர் தம் குலத்தொழிலிலேயே இருக்கும்படி காசு கொடுத்து ஊக்குவது எப்படித் தம்மமாகும்?" என்று கேட்டார்.

இவ்விரண்டும் விளையாட்டுக் கேள்விகள் அல்ல. இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டபோது கூட்டத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

தானம் என்பது நமக்குரியதைக் கைம்மாறு கருதாது பிறர்க்கு ஈவது. விலை என்பது பிறர்க்குரியதை நாம் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடு கொடுத்துத் தீர்ப்பது. முன்னது ஈகை, பின்னது கடன். கடனைத் தீர்த்தவன் தான் கொடைவள்ளல் என்று மார்தட்டுவானாயின் அவனைக் கண்டு ஊர் நகைக்கும். சிகாலோவாத சூத்திரத்தில், பணி கொள்வோன் பணியாளர்க்குச் செய்யவேண்டியவற்றைப் பகவான் ஐந்தாக எடுத்துக் கூறினார். ஆற்றலுக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் தருதல், நோயுற்ற காலத்துப் பேணுதல், அரிய பண்டம் கிடைத்தால் பகிர்தல், உரிய பொழுதில் ஓய்வு தருதல் என்பன அவை. ஊதியம் இங்குக் கடமைகளின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளது என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அதனைப் பகவான் தானமென்று சொல்லவில்லை.

யாம் பதினேழு ஆண்டுகள் ஒரு பஞ்சாலையில் தறிகளுக்கிடையே நின்றவர். ஆண்டுதோறும் ஆயுத பூசையை ஒட்டிப் போனசு வழங்குவார்கள். மேசைக்குப் பின்னே அதிகாரி அமர்ந்திருப்பார், நாங்கள் வரிசையாகச் சென்று, குனிந்து கும்பிட்டு உறையை வாங்கிக்கொண்டு, மீண்டும் கும்பிட்டு வெளியேற வேண்டும். அது 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி எமக்கு வரவேண்டிய உரிமை. வாங்கும் கையைக் குவிய வைத்ததனால் உரிமை பிச்சையாக மாறித் தோன்றியது. தொகை ஒன்றுதான். ஆனால் உறையைப் பெற்று வீட்டிற்கு நடந்த மனிதனின் முதுகு வேறாக இருந்தது. இதனை அனுபவித்தவர்க்கு, விலைக்கும் தானத்துக்கும் உள்ள வேற்றுமையைச் சூத்திரம் காட்டி விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அவ்வுபாசகிக்கு யாம் கூறிய விடை இது: அம்மா, இதில் தானம் இல்லை. தோடர் பெண்ணொருத்தி வாரக்கணக்கில் கண்ணூன்றித் தைத்த சால்வையைப் பெற்றுக்கொண்டு நாம் கொடுக்கும் பணம் அவளுடைய கூலி. அதைத் தானமென்று எண்ணும் அந்த நொடியிலேயே நாம் அவளுக்கு ஒரு தீங்கு செய்கிறோம். இரக்கத்தால் வாங்குபவன் பொருளின் நன்மையைப் பார்க்கமாட்டான். தையல் கோணியிருந்தாலும், "பாவம், மலைவாசி" என்று வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் வைப்பான், மறுமுறை வாரான். பொருள் நன்றென்று வாங்குபவனோ மறுமுறையும் வருவான், குறையிருந்தால் சொல்லுவான், நிறைவிருந்தால் பிறர்க்கும் சொல்லுவான். கைவினைஞன் எதிர்பார்ப்பது இத்தகைய வாடிக்கையாளனையே. மேலும், தானம் செய்து பழகியவனுக்குப் பெறுகிறவன் எழுந்து நிற்பது பிடிப்பதில்லை. மலைக்குடிசையில் வாழ்பவள் கைப்பேசியில் விலை பேசினால் அவன் முகம் சுருங்கும், "இவர்களும் கெட்டுப்போய்விட்டார்கள்" என்பான்.

கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1902-ஆம் ஆண்டிலேயே தம் அரசின் வேலைகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பார்க்கு நூற்றுக்கு 50 இடம் ஒதுக்கியவர் அவர். 1920-இல் மாணகாவ் மாநாட்டில் இளைஞரான அம்பேத்கரை மக்களின் தலைவராக ஏற்றிப் பேசியவரும் அவரே. அவருடைய குதிரைலாயத்தில் கங்காராம் காம்பளே என்னும் தீண்டப்படாதார் வகுப்பினர் ஒருவர் பணிபுரிந்தார். ஏனைய வகுப்பார்க்குரிய நீரைத் தொட்டதற்காக அவர் கொடுமையாகத் தாக்கப்பட்டார். மன்னர் அவருக்கு மாதந்தோறும் படியளந்து பேசாமல் இருந்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அவர் நகரில் ஒரு தேநீர்க்கடை வைக்க உதவி செய்தார். பிறகு தம் வண்டியை அக்கடையின் முன் நிறுத்தி, எல்லோரும் காணத் தேநீர் வாங்கி அருந்தினார், உடன் வந்த உயர்குலத்தார்க்கும் வாங்கிக் கொடுத்தார். அரசன் ஒருவன் தீண்டப்படாதவனுக்குப் பிச்சையிட்ட கதைகள் ஆயிரம் உள. அரசன் அவனுக்கு வாடிக்கையாளன் ஆன கதை எமக்குத் தெரிந்து இது ஒன்றே. பிச்சையிடுவோன் கை எப்போதும் மேலே இருக்கும். தேநீர் வாங்கியவன் கையும் கொடுத்தவன் கையும் ஒரே மட்டத்தில் நின்றன.

இனி, விலை எவ்வளவு என்னும் கேள்வி வரும். மஜ்ஜிம நிகாயத்தில் கடீகாரர் என்னும் குயவரின் வரலாறு உள்ளது. காசியப புத்தர் காலத்தவர் அவர். கண்ணிழந்த முதிய தாய் தந்தையரைத் தம் உழைப்பால் காத்துவந்தார். உயிர்கட்கு ஊறு நேருமென்று மண்ணைத் தாமே தோண்டாமல், ஆற்றங்கரையில் தானே சரிந்த மண்ணையும் எலி தள்ளிய மண்ணையும் எடுத்துவந்து கலங்கள் வனைந்தார். அவற்றை வைத்துவிட்டு, வேண்டுவோர் அரிசியோ பயறோ கடலையோ வைத்துவிட்டு விரும்பியதை எடுத்துச் செல்லலாம் என்றார். இக்கதையைப் பலர் கடீகாரரின் பற்றின்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுவர். யாம் அதனை வாங்குவோரை நோக்கியும் படிக்கின்றோம். விலை சொல்லாத குயவரின் முன் நிற்பவன் யார்? தன் மனச்சான்று ஒன்றைத் தவிரத் தன்னைத் தடுப்பார் எவருமில்லாத ஒருவன். ஒரு கைப்பிடிக் கடலையை வைத்துவிட்டுப் பெரிய சாலை அவன் தூக்கிச் செல்லலாம், எவரும் கேட்கப்போவதில்லை. அக்கிழவரும் கிழவியும் அன்றிரவு உண்பதும் உண்ணாததும் அவன் கையில் இருந்தது.

கடீகாரர் விலை சொல்லாதது அவர் விருப்பம். இன்று மலையிலும் காட்டோரத்திலும் இருக்கும் கைவினைஞர் பலர் விலை சொல்லாதது விருப்பத்தால் அன்று. வாரச்சந்தை முடிந்து கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தில் விற்காத பொருளைச் சுமந்து திரும்ப முடியாமையால் வியாபாரி சொன்னதே விலை ஆகிறது. பேரம் என்பது இருவர்க்கும் மறுக்கும் வசதி உள்ள இடத்தில் நடக்கும் ஒரு விளையாட்டு. மறுக்க முடியாதவரிடம் செய்யும் பேரத்திற்கு வேறு பெயர் உண்டு, அதனை அன்பர்கள் அறிவார்கள்.

இங்கே போலிப் பொருளைப் பற்றியும் பேசியாக வேண்டும். பிரம்மஜால சூத்திரம் விலக்கச் சொல்லும் தீய வழிகளுள் பொய்த் துலாக்கோல், பொய் உலோகம், பொய் அளவை என்னும் மூன்றும் உள. பொய் உலோகம் என்பதற்கு உரைகாரர் தரும் விளக்கம் சுவையானது. வஞ்சகன் ஒருவன் உண்மையான பொற்கலம் ஒன்றையும், பொன் முலாம் பூசிய கலங்கள் பலவற்றையும் வைத்திருப்பான். உண்மைக் கலத்தை உரைத்துக் காட்டி நம்பவைத்து, முலாம் பூசியவற்றைப் பொன்விலைக்கு விற்பான். இன்றைய கைவினைச் சந்தையை அவ்வுரைகாரர் நேரில் கண்டு எழுதினாரோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. உண்மையான தோடர் சால்வை ஒன்று கடை முகப்பில் தொங்கும், உள்ளே அடுக்கியிருப்பவை எந்திரத்தில் தைத்தவையாக இருக்கும். வார்லி மக்கள் அரிசிமாவால் சுவரில் வரைந்த மாந்தர் உருவங்கள் இன்று படுக்கை விரிப்பிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சாகி விற்கின்றன, அவ்விற்பனையில் ஒரு காசும் வார்லி வீட்டிற்குச் செல்வதில்லை.

எந்திரத்தை யாம் பழிப்பதாக எவரும் கொள்ளவேண்டா. எம் தந்தையார் கிராமத்தில் ஊர்ச்சேவகம் செய்து, மிஞ்சிய சோற்றைக் கூலியாக வாங்கியவர். நகரத்து ஆலையின் எந்திரம்தான் அவர் கையில் முதன்முதல் மாதச் சம்பளத்தை வைத்தது. அவரை ஒரு வகுப்பினனாக அன்றி டோக்கன் எண்ணாகப் பார்த்தது அது. அந்நாளில் அதுவே பெரிய விடுதலை! கைத்தொழில் எல்லாம் புனிதம், எந்திரம் எல்லாம் பாவம் என்னும் போதனையை நம்மவர் பலகாலம் கேட்டு அலுத்தாயிற்று. எந்திரத்தில் தைத்த துணியை எந்திரத்துணி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பவன் சம்மா ஆஜீவம் உடையவனே. அதைத் தோடர் பெண்ணின் கைவேலை என்பவன், வாங்குவோனிடம் பொய் சொல்லுகிறான், தோடர் பெண்ணிடம் அவள் கொடாததை எடுத்துக்கொள்ளுகிறான். ஒரே விற்பனையில் இரண்டு சீலங்கள் முறிகின்றன.

அப்படியாயின் உண்மைப் பொருள் எது? நீலகிரித் தோடரை எடுத்துக்கொள்வோம். எல்லோருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 2,000 பேரே உள்ள சிறுகுடியினர். எருமை மேய்த்தலே அவர்தம் பழைய வாழ்வு. பண்டிதர் அயோத்திதாசர் இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவராதலின் அம்மலையின் பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. தோடர் ஆணும் பெண்ணும் போர்த்தும் பூத்குளி என்னும் வெள்ளைப் போர்வையில் பெண்கள் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்வர். முன்னதாகக் கோடு வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் ஊடையையும் பாவையும் விரலால் எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துவர். ஓர் இழை தவறினால் கோலம் முழுவதும் தவறும். முடிந்தபின் துணி இருபுறமும் ஒழுங்காக இருக்கும். வாழும்போது போர்த்துவதும் அதுவே, இறந்தபின் உடலைச் சுற்றுவதும் அதுவே. 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தறியடியில் நின்றவனுக்கு வேறொன்று கண்ணில் படும். தோடர் நெசவாளர் அல்லர். அவர்கள் தைக்கும் துணி சமவெளியில் எவரோ நெய்து மலையேறி வந்தது. நூலும் கடையில் வாங்கியது. ஆக, கலப்பே இல்லாத மலைப்பொருள் என்று தேடிப் போகிறவர் கையில் கிடைப்பதில் பாதி சமவெளி நெசவாளியின் உழைப்பு! இதனால் அது போலியாகிவிடுமா? ஆகாது. நெசவாளிக்குத் துணியின் விலை சென்றது, தையற்காரிக்குத் தையலின் விலை செல்லவேண்டும். எண்ணித் தைக்கும் அறிவு அவர்களுடையது, தலைமுறைதோறும் தாய் மகளுக்குக் கொடுத்தது. அதனைக் கேளாமல் எடுத்து அச்சிடுவதே போலி. உண்மைப் பொருள் என்பதற்கு யாம் கொள்ளும் பொருள் இவ்வளவே: சொன்னவர் செய்தது, சொன்ன முறையில் செய்தது, செய்தவர் தம் விலையைப் பெற்றது.

தொன்மையைத் தேடுவோர் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியத்தையும் நோக்குக. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று கடைக்காரர் அளப்பார். காகிதத்தில் வண்ணந்தீட்டும் அம்முறையைத் தோற்றுவித்தவர் ஜங்கர் சிங் சியாம் என்னும் ஒரு தனி மனிதர். 1962-இல் பாடன்கட் என்னும் சிற்றூரில், கோண்டுகளின் குலப்பாணரான பர்தான் குடியில் பிறந்தவர். ஓவியர் சுவாமிநாதன் அவரைக் கண்டறிந்து போபால் நகரத்துப் பாரத் பவனுக்குக் கொண்டுவந்தார். 1989-இல் அவர் ஓவியம் பாரிசுக்குச் சென்றது. 2001-இல், ஜப்பான் நாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்த காலத்தில், ஊர் திரும்ப விரும்பிக் கடிதம் எழுதிய அம்மனிதர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது நாற்பதுகூட நிறையவில்லை. உலகமெல்லாம் ஓவியத்தை உற்று நோக்கிய அக்காலத்தில் ஓவியரை உற்று நோக்கியவர் எத்தனை பேர்? பொருளின்மேல் வைக்கும் மதிப்பு செய்தவர்மேல் வைக்கும் மதிப்பாகத் தானே மாறிவிடாது. அதற்கெனத் தனியே ஒரு முயற்சி வேண்டும்.

இனிக் கோலாப்பூர்ச் செருப்பு. சாகு மகாராசர் ஆதரித்த தொழில்களுள் அதுவும் ஒன்று. எருமைத் தோலைக் கருவேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்டு, ஆணியின்றித் தோல்நூலாலேயே தைப்பர். பதனிடுவோர் டோர் வகுப்பினர், தைப்போர் சாம்பார் வகுப்பினர், வார் பின்னுவோர் பெரும்பாலும் பெண்கள். மகாராட்டிரத்தில் நான்கு மாவட்டங்களும் கருநாடகத்தில் நான்கு மாவட்டங்களும் சேர்ந்து 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. 2025 ஜூன் மாதம் மிலான் நகரில் நடந்த ஆடை அணிவகுப்பில் பிராடா என்னும் இத்தாலிய நிறுவனம் அதே அமைப்பிலான செருப்பைத் தோற்செருப்பு என்று மட்டும் குறித்துக் காட்டியது. இந்தியா முழுவதும் கூக்குரல் எழுந்தது. நிறுவனம் பிறகு, இந்தியக் கைவினையே தனக்குத் தூண்டுதல் என்று ஒப்பியது. வழக்கறிஞர் சிலர் பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றனர். புவிசார் குறியீட்டின் உரிமையாளர் அல்லாதார் வழக்காட இயலாது என்று ஜூலையில் வழக்கு தள்ளப்பட்டது. டிசம்பரில், இரு மாநிலத் தோல்தொழில் வளர்ச்சிக் கழகங்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, இந்தியாவில் சுமார் 2,000 ஜோடி செய்து, ஜோடி ஒன்று ஏறக்குறைய 800 யூரோவுக்கு விற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

அக்கூக்குரலை யாம் செவிமடுத்தோம். "நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள்" என்றனர். நம் என்றது யாரை? அச்செருப்பைத் தைத்தவனை ஊருக்கு வெளியே வைத்தவர்களும் அன்று அந்த "நம்"முக்குள் வந்து நின்றார்கள். எம் ஊர்ப்பக்கத்தில் செருப்பைத் தைத்தவன் அதனைக் காலில் அணிந்து மேல்தெருவில் நடக்கமுடியாது, கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். செருப்பு ஊருக்கு, தீட்டு அவனுக்கு. கடல் கடந்த நிறுவனம் அவன் பெயரை ஒரு முறை விட்டது பிழைதான். உள்ளூரில் அவன் பெயரை விடாமல் சொன்னவர் யார்? சந்தையில் முந்நூறு ரூபாய்க்கு அவனிடம் செருப்பு வாங்கி, அதிலும் ஐம்பது குறைத்துக் கேட்டவர் அவன் பிள்ளையின் பெயரைக் கேட்டதுண்டா?

இங்கு அந்த இரண்டாவது கேள்வி முழு எடையோடு நம்முன் வந்து நிற்கிறது. செருப்புத் தொழிலுக்கு ஆதரவு தேடுகிறோம். சாம்பார் வீட்டுப் பையன் செருப்பே தைக்க வேண்டும் என்பதா நம் விருப்பம்?

பாபாசாகேப் இதற்கு ஐயத்துக்கிடமின்றி விடை சொல்லிப் போயிருக்கிறார். சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்குவது என்று 1936-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில் ஆற்றிய பேருரையில் ஒரு பழைய வாதத்தை நினைவுகூர்ந்தார். செத்த மாடு தூக்குவதை மகார் மக்கள் கைவிட்டால் தோல், கொம்பு, குளம்பு இவற்றால் ஆண்டுக்கு 500 ரூபாய் வருமானம் போய்விடும் என்று "கேசரி" இதழில் சிலர் கவலைப்பட்டு எழுதினராம். அவ்வளவு ஆதாயமுள்ள வேலையானால் அதை நீங்களே வந்து செய்து அப்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் விடையின் சாரம். அவர்களுள் எவரும் வந்ததாகத் தெரியவில்லை! குசராத்து மாநிலம் ஊனாவில் 2016-இல், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அக்குடும்பத்தார் 2018 ஏப்ரலில் பௌத்தம் தழுவினர். அவர்களிடம் போய், "உங்கள் பாரம்பரியத் தோல்தொழிலைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்?

ஆயினும் அன்பரே, கேள்வியை இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்ப்போம். பாபாசாகேப் கைவிடச் சொன்னது கட்டாயத்தையும் இழிவையும். கையின் திறமையை அவர் இகழ்ந்ததில்லை. வாசெட்ட சூத்திரத்தில் பகவான், கைவினையால் வாழ்பவன் கைவினைஞன் எனப்படுவது அவன் செய்யும் செயலால்தான், பிறப்பால் அன்று என்று தெளிவித்தார். அதன்படி பார்த்தால், "இது உண்மையான பழங்குடியான் செய்ததா?" என்று கேட்டு இரத்தத்தை உரைத்துப் பார்க்கும் வாங்குவோன், தான் அறியாமலே சாதிச்சான்று கேட்கிறான். அவன் கேட்கவேண்டியது வேறு: செய்தவர் யார், எவரிடம் கற்றார், கற்பித்தவர் மனமொப்பிக் கற்பித்தாரா, விலையில் அவருக்கு எவ்வளவு சென்றது? தோடர் பெண்ணொருத்தி தன் அண்டை வீட்டாளுக்கு மனமுவந்து கற்பித்து, அவள் தைத்ததை அவள் பெயராலேயே விற்றால் அதில் களவும் இல்லை, பொய்யும் இல்லை.

அதேபோல் அத்தோடர் பெண்ணின் மகள் ஊசியைத் தொடாமல் செவிலியாகவோ ஆசிரியையாகவோ போனால், சால்வை வாங்கும் நமக்கு வருத்தம் எழுகிறதா, மகிழ்ச்சி எழுகிறதா? அவரவர் தம் நெஞ்சை இங்கு உரைத்துப் பார்க்கலாம். தாய்க்கு நல்ல விலை கிடைத்த வீட்டில்தான் மகளுக்குப் பள்ளிக்கட்டணம் இருக்கும். அம்மகள் படித்தபின், தானே விரும்பி ஊசியை எடுத்தால் அது கலை. வேறு வழியில்லாமல் எடுத்தால் அது விலங்கு. குறைந்த விலைக்கு வாங்கிக் குலத்தொழிலை "வாழவைப்பவர்" அவ்விலங்கையே பூட்டுகிறார். உரிய விலைக்கு வாங்குபவரோ, அத்தொழிலை விட்டுவிடும் வசதியையும் சேர்த்தே கொடுக்கிறார். கைவினைக்கு ஆதரவு என்ற பெயரில் நாம் செய்யக்கூடியவற்றுள் இதைவிட மேலானது எமக்குத் தோன்றவில்லை. இதனால் சில கைவினைகள் அழிந்துபோகலாம். போனால் போகட்டும் என்று சொல்ல எமக்கு நாக்கு எழவில்லை, எண்ணித் தைத்த அத்துணியின் அழகைக் கண்டவர்க்கு அது எளிதன்று. ஆனாலும் துணிக்காக ஒரு பெண்பிள்ளையை அடகு வைப்பதற்கு நமக்கு உரிமை கிடையாது.

மும்பைத் தாராவியில், நம் தமிழர் நெருங்கி வாழும் அவ்விடத்தில், வேறொரு வழி கண்டார்கள். 2015-இல் மகாராட்டிரத்தில் எருது, காளை வதைக்கும் தடை வந்தபோது தோல்தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதன்பின் சுதீர் ராஜ்பர் என்னும் ஓவியர், அத்தொழிலாளரோடு சேர்ந்து, பழைய டயர் இரப்பரைக் கொண்டு பைகள் செய்யும் ஒரு கூடத்தை அமைத்து, அதற்குச் "சமார்" என்றே பெயரிட்டார். வசையாக வீசப்பட்ட சொல் பொருளின்மேல் முத்திரையாக ஏறிற்று. தோலும் இல்லை, பழமையும் இல்லை, எனினும் தைத்த கையின் திறமை அப்படியே இருக்கிறது. சொல்லை அவ்வாறு ஏற்றுக்கொள்வது சரியா என்பதில் நம்மவருள்ளே கருத்து வேற்றுமை உண்டு. யாம் அதனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கை பிழைத்ததை மட்டும் எண்ணி மகிழ்கிறோம்.

செய்கைக்கு வருவோம். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது ஊர்ப்பெயரைக் காக்கும். பெயரைச் சொல்லாமல் கோலத்தை மட்டும் நகல் எடுப்பவனை அது எளிதில் தொடுவதில்லை. ஆகவே ஒட்டுச்சீட்டைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பழங்குடி மக்களின் பொருளை வாங்கி விற்பதற்கு 1987-இல் டிரைபெட் என்னும் நடுவண் அரசின் கூட்டுறவு அமைப்பு ஏற்பட்டது, அதன் கடைகள் பல நகரங்களில் உள. செய்தவர் இருக்கும் இடத்திற்குப் போக இயலாதவர்க்கு அக்கடைகள் ஒரு வாயில். போக இயன்றவர் போகலாம். துணியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் எந்திரத் தையல் பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கைத்தையலில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும், எந்திரத்தில் எல்லாம் ஓர் அளவாய் நிற்கும்.

எமது சங்கத்தார் இறுதியில் சால்வைகளையே வாங்குவது என்று தீர்மானித்தனர். நாற்பது வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, கைவேலைக்கு ஆகும் காலத்தையும் விலையையும் கணக்கிட்டபின் ஆறில் வந்து நின்றது. எஞ்சிய விருந்தினர்க்கு ஒரு பூவும் ஒரு புத்தகமும் போதும் என்றனர், அதுவும் நன்றே. தைப்பவர் நூலும் துணியும் கடன் வாங்காதிருக்கப் பாதித் தொகையை முன்பணமாக அனுப்புவதென்றும், ஒவ்வொரு சால்வையோடும் தைத்தவர் பெயரை அவர் விரும்பினால் எழுதி இணைப்பதென்றும் முடிவாயிற்று. விழா நாளுக்குள் வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்டார். விருந்தினரை வெறுங்கையால் கும்பிட்டு வரவேற்பது, சால்வை வந்தபின் அஞ்சலில் அனுப்புவது என்றார் அவ்வுபாசகி. அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது.